பெட்டியில் இல்லாத கடிதங்கள்

உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியை ஒரு தடவை திறந்து பாருங்கள். தாத்தாவின் சிவப்பு அடையாளக் கார்டு இருக்கும். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், பழைய சம்பளச் சீட்டு, தமிழ்நாட்டிலிருந்து பெரியப்பாவோ சித்தப்பாவோ எழுதிய நீல நிற விமானத் தபால் எல்லாம் இருக்கும். அந்தக் கடிதங்களின் தேதியைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். 1961, 1974, 1988 என்று வந்து, 1990-களின் கடைசியில் நின்றுவிடும். உறவு அற்றுப்போய்விட்டதா? இல்லை. பிள்ளைகள் மின்னஞ்சலில் எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.

பிறகு வாட்ஸ்அப் வந்தது. இப்போது குரலையே அனுப்புகிறோம். காகிதத்துக்கும் வாட்ஸ்அப்புக்கும் நடுவே கிடக்கும் அந்தப் பதினைந்து ஆண்டுகளில்தான் நம் தோட்டங்கள் பல காலியாயின. பால் மரம் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயத்துப் பிள்ளைகள் ஜொகூர் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கும், இன்னும் சிலர் இங்கிலாந்துக்கும் போனார்கள். போனவர்கள் வீட்டுக்கு எழுதியது எந்தப் பெட்டியிலும் இல்லை.

2002-இல் நான் இந்தத் தோட்டப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தபோது, மின்னஞ்சல் முகவரி உள்ளவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஆசிரியர் குடியிருப்பில் தொலைபேசி இருந்தது. 1515 என்ற எண்ணை அழைத்துக் கணினி கீச்சுக் கீச்சென்று கத்தி முடித்தால் இணையம் கிடைக்கும். செய்தி பரவிவிட்டது. முன்பு கிராணியாரிடம் போய்க் கடிதம் எழுதி வாங்கியது போல, தாய்மார்கள் மாலையில் என் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்வேன். நம் மலேசிய மண்ணில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் அப்போது என்னிடம் இருந்தது. அதனால் தமிழிலேயே எழுதினேன். பதில்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் தமிழாக வரும். அதை வாசித்துக் காட்டுவதும் என் வேலைதான்.

லயங்கள் இடிக்கப்பட்டு, எல்லாரும் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்ட பிறகு, எங்கள் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து தோட்டத்தின் நினைவுகளைக் கணினியில் சேர்த்து வைக்கத் தொடங்கினார்கள். திருவிழாப் படங்கள், பள்ளி இதழ்கள், பெரட்டுக் களத்துப் படம் எல்லாம் சுலபமாகக் கிடைத்தன. மின்னஞ்சலைக் கேட்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

கேட்டவுடன் கொடுத்தார்கள், ஆனால் கொடுத்த விதம்தான் தொல்லை. ஒருவர் நாற்பது மடல்களை எனக்கு மறு அனுப்பல் செய்தார். இன்னொருவர் அச்சிட்டு, கோப்பில் கோத்துக் கொண்டுவந்தார். ஒரு தம்பி கைத்தொலைபேசித் திரையைப் படம் எடுத்தே அனுப்பிவிட்டான். அன்பு அன்புதான். ஆனால் மின்னஞ்சலுக்கும் உறையும் முத்திரையும் உண்டு. யார் அனுப்பியது, யார் யாருக்குப் போனது, எந்த நாள் எந்த மணிக்கு, எந்த வழியாக வந்தது என்பதெல்லாம் மடலின் தலைப்பகுதியில் மறைவாக எழுதியிருக்கும். மறு அனுப்பல் செய்தால் 2005-ஆம் ஆண்டுக் கடிதம் நேற்று எழுதியதாக உறை மாறிவிடும். அச்சிட்டால் உறையின் பெரும்பகுதி தொலைந்துவிடும். கூட வந்த படமும் பாட்டும் வராது.

இதை அற்பம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க வெள்ளை மாளிகையிலேயே இதற்காக வழக்கு நடந்திருக்கிறது. ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் 1986-இல் வெடித்தபோது, ஆலிவர் நார்த் என்ற அதிகாரி தன் மின்மடல்களை அழித்தார். காப்பு நாடாக்களில் அவை தப்பிக் கிடந்தன. 1989-இல் ரீகன் பதவி விட்டு இறங்கும் நேரத்தில், வெள்ளை மாளிகையின் மடல்களை அழிக்கக் கூடாது என்று ஸ்காட் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற பத்திரிகையாளரும் வேறு சிலரும் நீதிமன்றம் போனார்கள். தாளில் அச்சிட்டு வைத்தால் போதுமே என்று அரசாங்கம் வாதாடியது. போதாது, யாருக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்ற விவரம் தாளில் முழுமையாக வருவதில்லை என்று 1993-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதனால் நாங்கள் கேட்பது மூல மடலையே. ஜிமெயில் வைத்திருப்பவர்களுக்கு வழி சுலபம். கொடுக்க விரும்பும் கடிதங்களுக்கு மட்டும் ஒரு சிட்டை ஒட்டி, கூகல் டேக்அவுட் என்ற வசதியில் அந்தச் சிட்டையை மட்டும் தேர்ந்தெடுத்தால், எல்லாம் எம்பாக்ஸ் என்ற ஒரே கோப்பாக வந்து இறங்கும். உறையும் இருக்கும், படமும் இருக்கும். வங்கிக் கடிதமும் மருத்துவமனைக் கடிதமும் சிட்டை ஒட்டாமல் அவரவர் வசமே நின்றுவிடும். இதை அவரவரே, அல்லது வீட்டுப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டும். கடவுச்சொல்லை யாரிடமும் சொல்ல வேண்டாம். கேட்பவர் ஆசிரியையாக இருந்தாலும் சொல்ல வேண்டாம்.

பெரிய இடங்களில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்றும் தேடிப் படித்தேன். பிரிட்டிஷ் நூலகம் 2011-இல் வெண்டி கோப் என்ற பெண் கவிஞரின் ஆவணங்களை விலைக்கு வாங்கியது. அதில் சுமார் 40,000 மின்னஞ்சல்கள் இருந்தன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகம் நன்கொடையாக வரும் மின்னஞ்சலைப் பிரித்துப் பார்க்கவென்றே இபேட் என்ற மென்பொருளை உருவாக்கி, இலவசமாகவே கொடுக்கிறது. வெளியே தெரியக் கூடாத அந்தரங்க விஷயங்களைத் தேடி ஒதுக்கி வைக்க அது உதவும். கவிஞரின் கடிதம் என்றால் நூலகம் தேடி வரும். லயத்துக் கடிதத்தைத் தேடி யார் வருவார்கள்? நாம்தான் போக வேண்டியிருக்கிறது.

போவதிலும் தாமதம் கூடாது. எங்கள் தோட்டத்து லாரி ஓட்டுநர் ஒருவர் 2021-இல் கொரோனாவில் காலமானார். கோயில் கும்பாபிஷேகப் படங்களெல்லாம் அவருடைய மின்னஞ்சலில்தான் இருந்தன. அவர் மனைவிக்குக் கடவுச்சொல் தெரியாது. பிள்ளைகள் வழி கண்டுபிடித்துத் திறந்தபோது, பெட்டி இருந்தது; உள்ளே ஒன்றுமில்லை. நெடுநாள் திறக்காத கணக்கு என்று நிறுவனம் துடைத்துவிட்டிருந்தது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்ற விதியைக் கூகலும் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. கறையான்கூட ஓரத்தை விட்டு வைக்கும்.

என் பெட்டியிலிருந்த கடிதங்களை எடுத்தபோது வேறு ஒரு வேடிக்கை. 2003-இல் எழுதியவற்றைத் திறந்தால், கொம்பும் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாக நிற்கின்றன. அந்தக் காலத்தில் திஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டில் எழுதினோம். இன்றைய கணினி எதிர்பார்ப்பது யூனிகோடு. மாற்றித் தரும் செயலிகள் இருக்கின்றன. மாற்றிய பிரதி படிப்பதற்கு. மூலமோ கொம்பும் வாலுமாக அப்படியே இருக்கட்டும் என்று வைத்துவிட்டோம். நாளை யாராவது நம்மைவிட நன்றாக மாற்றக்கூடும்.

உறை உண்மையைச் சொல்லும் என்றேன் அல்லவா? என் பெட்டியில் அது பாதி உண்மைதான். எல்லாக் கடிதத்திலும் அனுப்புநர் என்று என் பெயரே நிற்கிறது. பேரன் பேத்திகள் நாளை பார்த்தால், டீச்சர் ஒருத்தி ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் தாயாக எழுதியிருக்கிறாளே என்று திகைப்பார்கள். ஆகவே ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், சொன்னது இன்ன அம்மா, தட்டச்சு செய்தது நான் என்று தனிக் குறிப்பு சேர்த்தோம்.

சொன்னவர்களிடம் அனுமதி வாங்க அடுக்குமாடி அடுக்குமாடியாக ஏறினேன். கடிதத்தாள் யார் கையில் இருந்தாலும், அதிலுள்ள எழுத்துக்கு உரியவர் எழுதியவர்தான் என்பது காப்புரிமைச் சட்டத்தின் அடிப்படை. சட்டம் இருக்கட்டும், ஒரு தாய் மகனிடம் சொன்னதை அவளைக் கேட்காமல் எப்படிக் கொடுப்பது? மடிக்கணினியை மடியில் வைத்து மறுபடியும் வாசித்துக் காட்டினேன். ஆயாக் கொட்டகையில் வேலை செய்த பாட்டி, மகனின் முதல் கடிதத்தை மட்டும் மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். மற்றதெல்லாம் உன் இஷ்டம் என்றார்.

மூன்றாம் லயத்து அக்கா அப்படி விடவில்லை. அவர் மகன் 2004-இல் இங்கிலாந்துக்குப் போனவன். தாய்க்கும் மகனுக்கும் இடையே 2011 வரை 186 கடிதங்கள். அவற்றில் பதினொன்றில் அக்காவின் கணவர் நாலு நம்பர் எழுதி வாங்கிய கடனும், வட்டிக்காரர்கள் வாசலில் வந்து நின்றதும் இருக்கின்றன. "டீச்சரம்மா, அந்த மனுசன் செத்து எத்தனை வருசமாச்சு! இப்பப் போய் அவரு கதைய ஊரு படிக்கணுமா? எடுத்துடுங்க" என்றார் அக்கா. மகனைத் தொலைபேசியில் கேட்டேன். "அப்பா நல்லவரு டீச்சர். ஆனா அந்தக் கடனாலதான் நான் கிளம்பினேன். அத எடுத்துட்டா, நான் ஏன் போனேன்னு என் பிள்ளைங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

இரண்டும் நியாயம். நான் நடுவில் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆவணக் காப்பகங்களில் ஒரு வழக்கம் உண்டு: கொடுப்பவர் சொல்லும் காலம் வரை பூட்டி வைத்து, அதன் பிறகு திறப்பார்கள். இதை அக்காவிடம் சொன்னேன். ஒரு வாரம் யோசித்தார். அந்தப் பதினொன்றில் இரண்டை அடியோடு எடுக்கச் சொன்னார். அவற்றில் மகளின் பெயர் வருகிறது. மிச்சம் ஒன்பதைக் கடைசிப் பேரனுக்குக் கல்யாணமாகும் வரை பூட்டச் சொன்னார். கணினிக்குக் கல்யாணக் கணக்குத் தெரியாதே! மகன் கணக்குப் போட்டு 2045 என்றான். அக்காவும் சரி என்றார். அவரவர் பெட்டியில் உள்ளதை அவரவர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் சேர்த்ததில் மட்டும் அந்த இரண்டும் இல்லை.

இப்போது எல்லாம் மூன்று இடங்களில் மூன்று பிரதிகளாக இருக்கின்றன. ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை போல ஒரு நீண்ட எண் கணக்கிட்டு வைத்திருக்கிறோம். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் கைரேகை மாறிவிடும். ஆண்டுக்கு ஒரு தடவை சரிபார்ப்பதாக ஏற்பாடு.

அடுத்துப் பழைய கிராணியாரின் மகன் வரிசையில் நிற்கிறார். அவர் கணக்கைத் திறக்க வழியில்லை. மீட்புக் குறியீடு போகும் தொலைபேசி எண்ணை 2012-லேயே விட்டுவிட்டார். ஆனால் அந்தக் காலத்தில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் மூலம் மடல்களைக் கணினிக்கே இறக்கிப் படித்தவர். அந்தக் கணினி அவருடைய அண்ணன் வீட்டுச் சாமான் அறையில், பழைய மெத்தைகளுக்கு அடியில் கிடக்கிறதாம். வரும் பள்ளி விடுமுறையில் கொண்டுவருகிறார். மழைக் காலம், நன்றாகச் சுற்றி எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.