குதிரைத் திருடியும் இருபது டாலரும்

சிட்னியில் ஒரு காபி குடித்துவிட்டு இருபது டாலர் நோட்டை எடுத்தேன். ஊரே கார்டைத் தட்டிவிட்டுப் போகிறது. நோட்டை நீட்டுகிற ஆசாமி நான் ஒருத்தன்தான். நோட்டில் ஓர் அம்மாள். மூக்குக்கண்ணாடி, தலையில் குல்லா, பிராகாரம் சுற்ற வந்த மாமி மாதிரி சாந்தமான முகம்.

"யார் சார் இந்தம்மா?" என்றேன், கூட வந்த நண்பரிடம்.

"குதிரைத் திருடி!" என்றார் கூலாக.

நிஜம்தான். பெயர் மேரி ரீபி. 1777-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். பதிமூணு வயசில் பையன் வேஷத்தில் சுற்றியபோது குதிரை திருடி மாட்டிக்கொண்டார். ஏழு வருஷம் நாடு கடத்தல். 1792-ல் கைதிக் கப்பலில் சிட்னிக்கு வந்து இறங்கினார்.

இரண்டே வருஷத்தில் கல்யாணம். மாப்பிள்ளை தாமஸ் ரீபி, கிழக்கிந்தியக் கம்பெனியில் இருந்த ஐரிஷ்காரர். ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையில் நிலம் கிடைத்தது. தானியம், படகு, கப்பல் என்று வியாபாரம் இந்தியா, சீனா வரை போனது. சிட்னியில் கட்டிய வீட்டுக்கு வைத்த பெயர் 'என்டாலி'. சாட்சாத் நம்ம கல்கத்தா பேட்டை!

1811-ல் தாமஸ் போய்விட்டார். அடுத்த மாசமே வியாபாரக் கூட்டாளியும் காலி. கையில் ஏழு குழந்தைகள். அம்மணி மூலையில் உட்காரவில்லை. கிடங்கு, கப்பல், கணக்கு எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்டார். 1812-ல் ஜார்ஜ் தெருவில் புதுக் கிடங்கு. பிற்பாடு சொத்து இருபதாயிரம் பவுன் தேறும் என்று ஊர் பேசியது. 1817-ல் கடன்காரன் ஒருவனை அடித்ததாக கோர்ட்டில் குற்றவாளி என்று தீர்ப்பு. வசூல் அந்த லட்சணம்!

அதே வருஷம் ஆஸ்திரேலியாவின் முதல் பாங்க் ஆரம்பித்தது மேக்வாரி பிளேஸில் இவருடைய வீட்டில்தான். இன்றைக்கு அதற்கு வெஸ்ட்பாக் என்று பெயர். அங்கே போய்ப் பார்த்தேன். சுற்றிலும் ஆபீஸ் கட்டடங்கள், நடுவே சின்னப் பூங்கா, 1818-ல் எழுப்பிய ஒரு கல்தூண். அதை வடிவமைத்த கிரீன்வேயும் கைதிதான். குற்றம், கள்ளக் கையெழுத்து. அவர் படத்தையும் பழைய பத்து டாலர் நோட்டில் போட்டிருந்தார்களாம்!

சிரித்துவிட்டேன். நண்பர் சிரிக்கவில்லை. "ஹாக்ஸ்பரி ஒண்ணும் காலி மனை இல்ல சார். தாருக் பழங்குடிகள் காலங்காலமா வாழ்ந்த இடம். கவர்னர் பட்டா எழுதிக் குடுத்தார், அவங்களைக் கேக்கவே இல்லை."

யோசித்துப் பார்த்தேன். ஒரு குதிரையை எடுத்தால் ஏழு வருஷம்; ஆற்றங்கரையையே எடுத்தால் பட்டா.

1820-ல் மேரி மகள்களோடு இங்கிலாந்து போய், மறு வருஷம் சீமாட்டியாகத் திரும்பினார். 1828 ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் என்ன சொன்னார் தெரியுமோ? '1821-ல் சுதந்திரமாக வந்தவள்.' நாம் பயோடேட்டாவில் அரியர்ஸை மறைப்பதில்லையா, அந்த மாதிரி!

1855-ல் கண்ணை மூடினார். அவர் மறைத்த கதையை இன்று ஊரே பெருமையாகச் சொல்கிறது. 1994 முதல் முகமும் நோட்டில் இருக்கிறது. தாருக் மக்களின் கதையைத்தான் நாமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

காபிக் கடைக்காரர் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. அப்படியே கல்லாவில் போட்டார். திருடி மேல் அவ்வளவு நம்பிக்கை!