பொறையும் பொறையாறும்

தஞ்சாவூர்ப் பக்கத்து டீக்கடைகளில் பட்டர் பிஸ்கட்டுக்கும் வர்க்கிக்கும் நடுவே ஒரு பாட்டிலில் பொறை இருக்கும். காய்ந்து இறுகிய சின்ன ரொட்டி. டீயில் தோய்த்தால்தான் பல்லுக்கு இணங்கும். அதற்குப் பெரிய மதிப்பு கிடையாது. தெருநாய்க்குப் போடுவதற்கென்றே வாங்குகிறவர்கள் உண்டு. என் தேடல் இதில்தான் தொடங்கியது. ருசியைவிடப் பெயர்தான் இழுத்தது. தரங்கம்பாடியை ஒட்டிப் பொறையாறு என்று ஓர் ஊர் இருக்கிறது. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்குத் தரங்கம்பாடியில் இடம் கொடுத்தார். 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும்வரை, 225 ஆண்டுகள், அது அவர்களுடைய ஊர். ரொட்டி தின்று வளர்ந்த மக்கள் அவ்வளவு காலம் குடியிருந்த கரையில், அடுத்த ஊரின் பெயரே ஒரு ரொட்டிக்கு ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று தோன்றியது. அப்படி இருக்கவேண்டும் என்று விரும்பினேன் என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஏனென்றால் “சோற்று நாட்டுக்கு ரொட்டி எதற்கு, அது காய்ச்சல்காரன் சாப்பாடு” என்று இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் தீர்ப்பு எனக்கு நெடுநாள் உறுத்தல். அந்தத் தீர்ப்பை உடைக்க ஒரே ஒரு சொல் போதும் போலிருந்தது.

அந்தச் சொல் உதவவில்லை. எவ்வளவு தூரம் இழுத்துப் பார்த்தாலும் வரவில்லை. பொறை டெல்டாவுக்கு மட்டும் உரியதல்ல. மதுரையிலும் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் அதே பெயரில் விற்கிறது, அங்கே யாரும் அதைப் பொறையாற்றோடு சேர்த்துச் சொல்வதில்லை. ஊர்ப்பெயரால் புகழ்பெற்ற பண்டங்கள் தமிழ்நாட்டில் ஊரை முழுசாகச் சுமந்துகொண்டு வரும்: மணப்பாறை முறுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலைமிட்டாய். ஊரின் வாலை நறுக்கிவிட்டுத் தலையை மட்டும் பண்டத்துக்கு வைக்கும் வழக்கம் இல்லை. கப்பலில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்க இருமுறை சுட்டு உலர்த்திய ரொட்டிதானே பிஸ்கட், பொறையும் அந்த இனம்தானே என்று ஒரு கட்டத்தில் மறுபடி ஆசை எழுந்தது. ஆனால் பண்டம் ஒத்திருப்பதால் பெயரின் பிறப்பு நிரூபணமாகிவிடாது. பொறை என்ற சொல்லுக்குப் பாரம், பொறுமை, குன்று என்றெல்லாம் பழந்தமிழில் பொருள் உண்டு. அந்தச் சொல் யாருடைய கப்பலுக்கும் காத்திருக்கவில்லை. ஊரும் காத்திருக்கவில்லை. நற்றிணையின் 131-ஆம் பாட்டில், உலோச்சனார் பாடியதில், பெரியன் என்பவனுடைய ஊராகப் பொறையாறு வருகிறது. தரங்கம்பாடிப் பக்கத்துப் பொறையாறுதான் அது என்று கொள்வார்கள். டேனிஷ்காரர் வருவதற்கு ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பே பெயர் பெற்ற ஊர். பெயர்க்கதை அங்கே முடிந்தது.

முடிந்த இடத்திலேயே இன்னொன்று கிடைத்தது. அந்தப் பாட்டு பொறையாற்றை என்னவென்று சிறப்பிக்கிறது? கள் மணக்கும் ஊர் என்று. பெயரின் பின்னால் போய் ஏமாந்த நான் இந்த மணத்தின் பின்னால் போயிருக்கவேண்டும். ரொட்டியின் பிறப்பைத் தேடும்போது மாவு எங்கிருந்து வந்தது, அடுப்பு யார் கட்டியது என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். மாவை உப்பவைத்தது எது என்று கேட்பதில்லை. உப்பாத மாவு ரொட்டி ஆகாது, சப்பாத்தியாகத்தான் நிற்கும். ஐரோப்பாவில் பீர் வடிக்கும் இடங்களிலிருந்து நுரையை வாங்கிவந்து மாவில் சேர்ப்பார்கள், அல்லது முந்தைய நாள் மாவில் ஒரு பிடியைப் புளிக்கவிட்டு வைப்பார்கள். ஈஸ்ட்டை அழுத்திக் கட்டியாக்கிக் கடையில் விற்பது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் பரவியது. அதற்கு முன் சோழமண்டலக் கரையில் ரொட்டி சுட்டவர்களுக்குப் பீர் நுரைக்கு வழியில்லை. ஆனால் தென்னையும் பனையும் அடர்ந்த கரை இது. பாளையிலிருந்து சொட்டும் சாறு கலயத்தில் விழுந்த உடனே புளிக்கத் தொடங்கிவிடும். அதில் வேலை செய்வது ரொட்டிக்கடை ஈஸ்ட்டின் அதே சக்கரோமைசஸ் இனம். சென்னை மாகாணத்தில் பேக்கரிக்காரர்கள் ரொட்டிக்குக் கள் சேர்த்தது 19-ஆம் நூற்றாண்டில் சாதாரணச் செய்தி. கோவாவின் பழைய ரொட்டியும் கள்ளில் உப்பியதுதான். ஆகவே கப்பலில் வந்தது கோதுமையும் அடுப்பு கட்டும் வித்தையும். ரொட்டிக்குள் மூச்சை ஊதியது இந்தக் கரையின் மரம்.

இதற்குச் சொற்களிலும் தடயம் இருக்கிறது. போர்ச்சுகீசியர் நாகப்பட்டினத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருந்து, 1658-இல் டச்சுக்காரர்களிடம் அதை இழந்தார்கள். அவர்கள் மொழியிலிருந்து மேசை, ஜன்னல், சாவி, அலமாரி, குசினி எல்லாம் தமிழுக்கு வந்தன. சமையலறையும் சாப்பாட்டு மேசையும் வந்த மொழியில், அந்த மேசைமேல் வைக்கும் ரொட்டியின் பெயர் தமிழ்நாட்டில் நிலைக்கவில்லை. கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில் நிலைத்தது: ரொட்டி அங்கே பாண், அதைச் சுடும் அடுப்பு போறணை, இரண்டும் போர்ச்சுகீசியம். இங்கே நாம் வடக்கிலிருந்து வந்த ரொட்டி என்ற சொல்லையே சப்பாத்திக்கும் பன்னுக்கும் பிஸ்கட்டுக்கும் சேர்த்துப் போர்த்தினோம். தமிழ் விவிலியத்தின் வழி இன்னும் அழகானது. இயேசு கையில் எடுக்கும் ரொட்டியை அது அப்பம் என்கிறது. உப்பவைக்கும் பொருளைப் புளித்த மாவு என்கிறது. யூதர்களின் பண்டிகை ரொட்டி அதில் புளிப்பில்லாத அப்பம். ரொட்டியைப் புளிப்பின் கணக்கில் சேர்த்துப் புரிந்துகொண்ட மொழி இது. ஆப்ப மாவுக்குக் கள் விட்டுப் பழகிய கரைகளில் அந்தச் சேர்க்கை இயல்பாகத்தான் வரும்.

கள் ரொட்டி புளிக்கும், நிறம் மங்கும், ஆங்கிலேயர்களே அதை ஒதுக்கவில்லையா என்று கேட்கலாம். ஒதுக்கினார்கள்தான். கர்னல் கென்னி ஹெர்பர்ட் சென்னைச் சமையலைப் பற்றி 1878-இல் எழுதிய புத்தகத்தில் பேக்கிங் பவுடர் கொண்டு வீட்டிலேயே ரொட்டி சுடும் முறையைச் சொல்லித்தருகிறார். ஆனால் புளிப்பு என்பது குற்றமா, நேரக்கணக்கா? விடியற்காலை இறக்கிய கள்ளில் ஈஸ்ட் முந்திநிற்கும். நேரம் ஆக ஆக லாக்டிக், அசிட்டிக் பாக்டீரியாக்கள் ஏறி, மறுநாள் அது காடியாகிவிடும். எந்த நேரத்துக் கள், எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்பதில்தான் கைத்திறன் இருந்தது. இட்லி மாவு பொங்கி வழிவதற்கும் புளித்துப் போவதற்கும் இடையிலுள்ள அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தை ஒவ்வொரு வீடும் அறியும். இட்லியில் வேலை செய்வது பெரும்பாலும் லுக்கோநாஸ்டாக் என்ற பாக்டீரியா. அது விடும் வாயுவை உளுந்தின் பிசுபிசுப்பு பிடித்து வைக்கிறது. ரொட்டியில் வாயு விடுவது ஈஸ்ட். பிடித்து வைப்பது கோதுமையின் குளூட்டன். ஆள் வேறு, வேலை ஒன்று. புளிப்பை இவ்வளவு நுட்பமாக அறிந்த மண்ணுக்கு ரொட்டி அந்நியம் என்பதை நான் ஏற்கமாட்டேன்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. கள் சேர்த்தது என்பதாலேயே ரொட்டியை வீட்டுக்குள் விடாத குடும்பங்கள் இருந்தன. யார் சுட்டது என்ற கேள்வியும் சேர்ந்தே இருந்தது. இது உண்மை, இதில் சாதியின் பங்கை மறைக்கக்கூடாது. பெங்களூரில் 1898-இல் ஹாசன் பக்கத்து ஐயங்கார் ஒருவர் தொடங்கிய பேக்கரியின் வழிவந்த பெயரை இன்று தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் பலகையில் பார்க்கிறோம். அந்தப் பெயரே ஓர் உத்தரவாதமாக வேலை செய்தது. ஆசாரத்தின் வாசல் வழியாக வரமுடியாத ரொட்டி மருத்துவத்தின் வாசல் வழியாக வந்தது. காய்ச்சலில் சோறு கூடாது, பாலும் ரொட்டியும் கொடு என்றால் மறுப்பில்லை. நோய்க்கு விலக்கு உண்டு. அதனால் நேர்ந்த இழப்பைத்தான் நாம் கணக்கிடுவதில்லை. நாக்கு கசந்து கிடக்கும்போது மட்டும் தின்கிற பண்டத்தை யார் ருசி பார்ப்பார்கள்? சீரகச் சம்பாவையும் கிச்சிலிச் சம்பாவையும் கொதிக்கும் வாசனையிலேயே பிரித்துச் சொல்லும் ஊர், ரொட்டியில் நல்லது கெட்டது பார்க்கவே தொடங்கவில்லை. அங்கே ரொட்டிக்கு மருந்தின் இலக்கணம் வந்துவிட்டது: வெள்ளையாக, மெத்தென்று, சுவையற்று.

பிறகு நடந்தவை அந்த இலக்கணத்தை உறுதிப்படுத்தின. 1948-இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது. இடையில் சிலகாலம் தளர்ந்தாலும், 1987 முதல் கள் இறக்குவதற்குத் தடை நிற்கிறது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். அந்த ஒரு பூச்சு ரொட்டியின் பழைய புளிப்பையும் சேர்த்து நிறுத்தியது. மதுவிலக்கு சரியா தவறா என்பது இங்கே என் வழக்கு அல்ல. கடை ஈஸ்ட்டிலேயே அருமையான ரொட்டி சுடலாம், நேரம் கொடுத்தால். நேரத்தைத்தான் அடுத்து எடுத்துக்கொண்டார்கள். அறுபதுகளில் அரிசி தட்டுப்பட்டு அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. 1965-இல் அரசாங்கமே மாடர்ன் பேக்கரீஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. இங்கிலாந்தில் 1961-இல் உருவான சோர்லிவுட் முறை, மாவை இயந்திரத்தில் சில நிமிடம் வன்மையாகப் பிசைந்து, மணிக்கணக்கான புளிப்பை அறவே தவிர்க்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியது. அவசரத்தில் விட்ட வலுவை ரசாயனத்தால் ஈடுகட்டினார்கள். 2016-இல் டெல்லி ரொட்டிகளைச் சோதித்ததில் பெரும்பாலானவற்றில் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட் தெரிந்தது. அதே ஆண்டு புரோமேட்டுக்குத் தடை வந்தது. மெழுகுத்தாளில் சுற்றி வந்த வெட்டிய ரொட்டியை இழிவுபடுத்தவில்லை, பசித்த காலத்தில் அது வயிறு நிறைத்தது. அதையே ரொட்டியின் முழு உருவம் என்று நம்பிவிட்டதுதான் தவறு.

மைதாவே கூடாது, அரிசி இருக்க ரொட்டி எதற்கு என்ற வாதம் மிச்சம். அன்றாடச் சோற்றை விட்டுவிட்டு ரொட்டி தின்னச் சொல்லவில்லை. ஆனால் சோற்று மக்களுக்கு ரொட்டியின் மேல் ஈடுபாடு வராது என்றால், பினாங்கைப் பார்க்கலாம். நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பல் போய்ச்சேர்ந்த ஊர் அது. நாகூர் ஆண்டவர் பெயரில் அங்கே ஒரு தர்காவும் உண்டு. அங்கே தமிழ் முஸ்லிம்கள் சுட்டுப் பேர்பெற்ற ரொட்டிக்கு ரொட்டி பெங்காலி என்று பெயர். வங்காளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை, பேக்கரியில் பங்கு வைத்திருந்த பங்காளிகளால் வந்த பெயர் என்று அங்கே சொல்லப்படுகிறது. பொறையில் அடிபட்டவன் என்பதால் இந்தப் பெயர்க்கதையை நான் சாட்சிக்கு அழைக்கவில்லை. ரொட்டியே சாட்சி: மொறுமொறுத்த மேலோடு, குழம்பில் தோய்த்தாலும் கரையாத உள்ளுடல், சோற்று நாட்டிலிருந்து போனவர்களின் கை.

இனி டெல்டாவில் நல்ல ரொட்டியைக் கண்டுபிடிக்கச் சோற்றின் அறிவே போதும். ஆறிய சோறு ஏன் விறைக்கிறதோ அதே காரணத்தால்தான் ரொட்டி பழசாகிறது. ஈரம் போவதால் என்று நினைக்கிறோம். 1852-இல் பிரெஞ்சு வேதியியலாளர் பூசிங்கோ, ஈரம் போகாமல் மூடிவைத்த ரொட்டியும் பழசாகும், திரும்பச் சூடாக்கினால் இளகும் என்று காட்டினார். மாவுச்சத்து மெல்ல மெல்ல மறுபடி படிகம் கட்டுவதே காரணம். ஃப்ரிட்ஜின் குளிரில் அது இன்னும் வேகமாக நடக்கும்; ரொட்டியை அதில் வைப்பது கெட்டுப்போகாமல் காக்கும், ருசியைக் காக்காது. கடையில் விலைக்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்கலாம்: மாவு பிசைந்து எத்தனை மணி நேரம் வைத்தது, எப்போது அடுப்பிலிருந்து எடுத்தது. கையில் எடுத்தால் கொஞ்சம் கனம் தெரியவேண்டும். மேலோடு வெளிறாமல் நன்றாகச் சிவந்திருக்கவேண்டும். விரலால் அழுத்தினால் குழி திரும்ப எழும்பவேண்டும். அடிப்பக்கத்தைத் தட்டினால் காலிப் பானைபோல் சத்தம் வரவேண்டும். முகர்ந்தால் சர்க்கரையும் எஸென்ஸும் முந்தாமல் கோதுமையும், அதன் பின்னால் இலேசான புளிப்பும் வரவேண்டும். ஒன்றில் மட்டும் இட்லியின் பழக்கத்தை மறக்கவேண்டும். ரொட்டியை ஆவி பறக்க வெட்டக்கூடாது. உள்ளே மாவுச்சத்து இறுகி நிற்க ஒரு மணி நேரமாவது ஆகும். அதற்குமுன் கத்தி வைத்தால் களியாக ஒட்டும். சூடாகக் கேட்கும் வாடிக்கையாளரை அந்த ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்கிற கடைக்காரர் இருந்தால், அவரிடம் வாங்கலாம்.