ஒட்டுப் போட்ட சங்கு

பூச்சிச் சங்கைக் கண்டுபிடிக்க நானா அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பதில்லை. மடியில் குப்புறக் கிடத்திக் கட்டைவிரல் நகத்தால் அதன் முதுகை வருடுகிறார். நகம் இடறும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. ஓட்டின் சுண்ணாம்பை அரித்து உள்ளே குடியேறும் கடற்பஞ்சு இனம் ஒன்றுதான் இந்தப் ‘பூச்சி’. வெளியே குண்டூசித் துளைகள்தான் தெரியும். உடைத்துப் பார்த்தால் உள்ளே தேன்கூடு.

நானாவின் ஊரான குறிஞ்சிப்பிட்டிக்குப் புத்தளத்திலிருந்து போகிறவர்கள் பாலாவிச் சந்தியில் கற்பிட்டி வீதிக்குத் திரும்ப வேண்டும். நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி நெடுந்தூரம் கூடவே வரும். கிழக்கே புத்தளம் களப்பு, மேற்கே திறந்த கடல், நடுவே மணல், தென்னை, வெங்காயத் தோட்டம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் பலர் இந்தக் குடாநாட்டில் வந்து தங்கினார்கள். நானாவின் குடும்பமும் அப்படித்தான் மன்னாரிலிருந்து வந்தது. வீடு வாசல் அங்கே போனது. கடல் தொழில் மட்டும் ஆளோடு வந்தது.

அவர் சுழியோடியாக இருந்தவர். சிலிண்டர் கட்டி இறங்கி, மணலில் முக்கால்வாசி புதைந்து கிடக்கும் சங்கைக் கையால் தடவி எடுக்கிற வேலை. ஆழத்தில் அதிக நேரம் கிடந்துவிட்டு அவசரமாக மேலே வந்தால் இரத்தத்தில் கரைந்த நைதரசன் குமிழியாகி நரம்பைத் தாக்கும். இந்தக் கரையில் அதனால் கால் விழுந்தவர்கள் இருக்கிறார்கள். நானாவுக்கு இடது கால் மரத்துப் போனதோடு தப்பியது. அதன் பிறகு கரையிலிருந்தே செய்யக்கூடிய தொழிலாகத் தேடி, உடைந்த சங்குக்கும் சிப்பிக்கும் ஒட்டுப் போடத் தொடங்கினார்.

பட்டறை என்று சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுப் பின்புறம் கிடுகுச் சாய்ப்பு, சாணைச் சக்கரம் பொருத்திய பழைய மோட்டார், ஒரு வாளித் தண்ணீர், பல் துலக்கும் பிரஷ்கள், பல் வைத்தியர்கள் கழித்துவிட்ட கொக்கிகள். கடலிலிருந்து வரும் சங்கின் மேல் தவிட்டு நிறத்தில் ஒரு தோல் இருக்கும். அதை அசிட்டில் கழுவி எடுத்தால் வெள்ளை தெரியும். அசிட் கொஞ்சம் கூடினால் தோலோடு ஓடும் கரையும் என்பதால் மூக்கைப் பொத்திக்கொண்டு எண்ணி எண்ணி முக்குகிறார்கள். பிறகு துளையைக் கொக்கியால் சுரண்டி அழுக்கெடுப்பது, காய வைப்பது, நிரப்புவது. நிரப்புவதற்கு வேறொரு சங்கை அரைத்த தூளேதான். பூச்சித் துளையில் தூளை அமுக்கி, மேலே சுப்பர் குளூவை ஒரு சொட்டு விட்டால் நொடியில் இறுகிவிடும். பெரிய உடைவென்றால் அரல்டைட்டில் தூளைக் குழைத்து அப்பி, ஒரு நாள் விட்டு, தண்ணீர் ஊற்றி ஊற்றித் தேய்க்க வேண்டும். காய்ந்தபடி தேய்த்தால் தூள் நெஞ்சுக்குள் போகும். நானாவின் மருமகன் துணியை முகத்தில் கட்டிக்கொண்டுதான் சக்கரத்தில் உட்காருகிறார். அந்தத் துணி போதாது என்றுதான் எனக்குப் பட்டது.

எல்லாச் சங்கும் இங்கே வருவதில்லை. 70 மில்லிமீற்றருக்குக் குறைந்த அகலமுள்ள சங்கை இலங்கையில் எடுக்கவோ கொண்டுபோகவோ கூடாது. அளவு தேறிய நல்ல சங்கு மூட்டையாகக் கட்டி ஏற்றுமதிக்குப் போய்விடும். அதன் பெரிய சந்தை வங்காளம். டாக்காவின் சாங்காரி பஜாரிலும் மேற்கு வங்கத்திலும் அதை வட்டம் வட்டமாக அறுத்து வளையலாக்குகிறார்கள். குறிஞ்சிப்பிட்டி முஸ்லிம் ஒருவர் மூச்சைப் பணயம் வைத்து எடுத்தது வங்காள இந்து மணப்பெண்ணின் கையில் ஏறுகிறது. வளையலுக்குப் போகும் சங்கில் ஒட்டுப் போட்டுப் பயனில்லை. வாள் குறுக்கே இறங்கியதும் எல்லாம் வெளுத்துவிடும். ஒட்டுப் போட்டது அலங்காரத்துக்கும் பூசைத் தட்டுக்கும்தான் போகும். ஊதுகிற சங்கு என்றால் இன்னும் கடினம். கண்ணுக்குப் படாத துளை ஒன்று மிஞ்சினாலும் நாதம் கிழிந்து வரும். நானா ஒவ்வொன்றையும் வாயில் வைத்து ஊதித்தான் அனுப்புகிறார்.

பேச்சுக்கிடையில் ஒரு சங்கை என் கையில் வைத்தார். அதன் உடம்பில், உதட்டுக்கு இணையாக, கோணல்மாணலாக ஒரு தழும்பு ஓடியது. அதற்கு முன்புள்ள ஓடு ஒழுங்கு. பின்புள்ளது சற்றுத் தடித்து மேடு தட்டியிருந்தது.

“இது யார் போட்ட ஒட்டு நானா?”

“கடல் போட்டது தம்பி. நம்ம கையில இந்த வேலை வராது.”

நண்டு கடித்த இடம் அது. நண்டு சங்கின் உதட்டைத் துண்டு துண்டாக நொறுக்கிக்கொண்டு உள்ளே வரப் பார்க்கும். உயிர் ஆழமாக உள்ளே இழுத்துக்கொண்டால் சில நேரம் நண்டு சலித்துப் போய்விடும். பிறகு சங்கின் மென்மையான மேலாடைச் சதை விளிம்புக்கு வந்து, புதிய சுண்ணாம்பைச் சுரந்து உடைந்த இடத்திலிருந்தே கட்டத் தொடங்கும். கட்டி முடித்தாலும் தழும்பு போகாது. பிழைத்துப்போன தாக்குதலின் பதிவு அது. செத்ததற்குத் தழும்பு ஏது?

இந்தத் தழும்புகளைப் படித்தே பேர் வாங்கியவர் கீரட் வெர்மேய். நெதர்லாந்தில் பிறந்து, மூன்று வயதிலேயே பார்வையை இழந்து, அமெரிக்காவில் பேராசிரியரானவர். ஓடுகளை விரலால்தான் படிப்பார். நானாவின் கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அவர் நினைவுதான் வந்தது. வெர்மேயும் இரண்டு சகாக்களும் 1981-ல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை, பல புவியியல் காலங்களைச் சேர்ந்த சங்கினப் புதைபடிவங்களில் இப்படிப்பட்ட தழும்புகளை எண்ணிப் பார்த்தது. காலம் செல்லச் செல்லத் தழும்பு கூடியிருந்தது. ஓடு உடைக்கும் விலங்குகள் பெருகப் பெருக, தாக்குப் பிடிக்கும் ஓடுகளும் உருவாகியிருக்கின்றன என்ற கருத்துக்கு அது பெரிய சான்று. வியாபாரி கழித்துப் போடுகிற அதே கோடுதான் அவருக்குத் தரவு.

அவர் எண்ணிய காலங்களில் மயோசினும் ஒன்று. அந்தக் காலத்துக் கல் குறிஞ்சிப்பிட்டியிலிருந்து தூரமில்லை. களப்பின் வடகிழக்கே அறுவக்காட்டில் அது வெட்டவெளியில் கிடக்கிறது. புத்தளம் சிமெந்து ஆலைக்குச் சுண்ணக்கல் அங்கிருந்துதான் ரயிலில் வருகிறது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழைய கடலடி. யாழ்ப்பாணத்துக் கிணறுகள் குடையப்பட்ட கல்லும் இதன் உறவுதான். வேலண்டும் டேவிஸும் 1923-ல் இலங்கையின் மயோசினைப் பற்றி எழுதியபோது இந்தக் கரைகள் அறிவியலுக்குள் வந்தன. அதற்குப் பிறகு வெளியூர்க்காரர்களுக்கு அறுவக்காடு என்ற பேர் பரிச்சயமானது கொழும்புக் குப்பையை அங்கே கொட்டும் திட்டத்தால்தான்.

அறுவக்காட்டுக் கல்லிலிருந்து புதைபடிவம் எடுப்பது சங்குக்கு ஒட்டுப் போடுவதை விடச் சிக்கலானது. சங்கு ஓடு அரகனைட் என்ற படிக வகை. மழை நீரில் எளிதில் கரையும். சிப்பிகளிலும் விசிறி மட்டிகளிலும் இருப்பது கல்சைட், அது நிலைக்கும். ஆகவே இத்தகைய சுண்ணக்கல்லில் மட்டி முழுசாகக் கிடக்க, பக்கத்திலிருந்த சங்கு கரைந்து போய், அது இருந்த வெற்றிடமும் உள்ளே புகுந்து இறுகிய சேறும் மட்டுமே மிஞ்சும். இல்லாத ஓட்டை எப்படிப் பழுது பார்ப்பது? வெற்றிடத்தில் ரப்பர் பாலை ஊற்றி, இறுகியதும் உருவி எடுப்பார்கள். ஓட்டின் வரிகள் ரப்பரில் அப்படியே பதிந்து வரும்.

நொறுங்கும் படிவங்களுக்கு அருங்காட்சியகப் பட்டறைகள் நம்புவது பாரலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசினை. அசிட்டோனில் கரைத்து மெல்லியதாகப் பூசினால் கல்லின் நுண்துளைகளில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். கெட்டியாகக் கரைத்தால் பசை. நகப்பூச்சு அழிக்கும் அதே அசிட்டோனைத் தடவினால் மறுபடி கழன்று வரும். இதை நானாவிடம் விளக்கினேன். சுப்பர் குளூ துளைக்குள் ஊறிவிட்டால் முழுசாக எடுக்கவே முடியாது, அரல்டைட்டை எடுக்கப் போனால் ஓடுதான் உடையும் என்றெல்லாம் சொன்னேன். பிளேன்டியை உறிஞ்சியபடி கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

“கழட்டுறதுக்கா தம்பி ஒட்டுறீங்க?”

நாளைக்கு வருகிறவனுக்கு நம்மை விட நல்ல பசையும் நல்ல கருவியும் இருக்கலாம். அவனுக்கு வழி விட வேண்டும் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. சங்கு வாங்குகிறவர் வீட்டில் கைதவறிக் கீழே விழுந்தாலும் ஒட்டு நிற்க வேண்டும், அதற்குத்தான் காசு என்றார். அவர் தொழிலுக்கு அதுதான் சரி. விழுந்தால் கழன்று வரும் ஒட்டை யார் வாங்குவார்கள்?

என் குறை வேறு இடத்தில். ஒட்டுப் போட்ட சங்கு என்று சொல்லித்தான் நானா மொத்த வியாபாரியிடம் கொடுக்கிறார். விலையும் அதற்கேற்பக் குறைவு. அடுத்த கையில் அந்தச் சொல் உதிர்ந்துவிடுகிறது. இரண்டு மூன்று கை மாறியதும் அது குறையில்லாத சங்கு. வலம்புரி விஷயத்தில் இது வெறும் மோசடி. வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் இயல்பாகவே எதிர்ப்பக்கம் சுழலும் சங்கினம் ஒன்று மலிவாகக் கிடைக்கும். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி வலம்புரியென்று தலையில் கட்டுகிறார்கள். மொரோக்கோவில் பிசினால் வார்த்த டிரைலோபைட்டுகளும் கல்லில் ஒட்டப்பட்டு உலகச் சந்தைக்கு வருகின்றன. இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்துப் பார்த்தால் பல பசைகள் வெளிறிய நீலத்தில் ஒளிரும். சின்ன டார்ச்தான், பூசைச் சாமான் வாங்கப் போகிறவர்கள் பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

நானாவிடம் எனக்கிருந்த ஒரே சண்டை அவருடைய அலுமாரியோடு. வேலை முடிந்தவற்றைப் புழுங்கும் பலகை அலுமாரியில் பூட்டி வைக்கிறார். மரத்திலிருந்து கசியும் அசிட்டிக் அமில ஆவி, ஈரக் காற்றோடு சேர்ந்து ஓட்டின் மேல் வெள்ளை உப்பாகப் பூக்கும். 1899-ல் பைன் என்ற ஆங்கிலேயச் சேகரிப்பாளர் இதைக் கிருமி என்று நினைத்தார். அவர் பேரிலேயே ‘பைன் நோய்’ ஆயிற்று. பெட்டிதான் காரணம் என்ற வேதியியலை 1985-ல் டென்னன்ட்டும் பெயர்டும் தெளிவாக்கினார்கள். இவ்வளவும் கேட்டுவிட்டு மருமகன், “அப்ப பிளாஸ்டிக் பெட்டி வாங்கலாம் மாமா” என்றார். நானா, அலுமாரி மகளுக்குக் கல்யாணத்தில் கொடுத்தது என்று முடித்துவிட்டார்.

சோளகக் காற்று எழும்பினால் மேற்குக் கடல் கொந்தளிக்கும்; வள்ளம் இறங்காது. அந்த மாதங்களில்தான் இவர்களுக்கு ஒட்டு வேலை நிறைய. நான் போனது அதற்குச் சற்று முன்பு என்பதால் கழித்த சங்குகள் சாக்கில் மலிவாகக் கிடந்தன. நண்டு கடித்த அந்தச் சங்கைக் கேட்டேன். நானா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முழுச் சங்கின் விலையைச் சொன்னார்.

“கழிச்ச சங்குதானே நானா?”

“காலையில கழிச்சதுதான். பேராசிரியர் எல்லாம் இந்தத் தழும்பை எண்ணுறாங்கன்னு நீங்கதானே தம்பி சொன்னீங்க.”

கேட்ட காசைக் கொடுத்தேன். மருமகன் அதைப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றும்போது, சாக்கில் இன்னும் அப்படி எத்தனை கிடக்கிறது என்று நானா கிளறத் தொடங்கியிருந்தார்.