வேலிப் பொட்டும் முதுமைத் தனிமையும்

யாழ்ப்பாணத்தில் கிளுவையும் பூவரசும் நட்டு, கிடுகோ பனையோலையோ வரிந்து கட்டிய வேலிகளில், அயலவர் குனிந்து நுழைந்துவர விடப்பட்ட சிறு இடைவெளி 'பொட்டு' எனப்பட்டது. ஒரு சிறங்கை உப்பும் கறிக் கிண்ணமும் ஊர்ப் புதினமும் அதனூடாகவே போய்வந்தன. 1983 இனக்கலவரத்துக்குப் பின் பிள்ளைகள் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் புலம்பெயர, 1995 ஒக்டோபரில் போரால் நேர்ந்த இடப்பெயர்வு அயலையே கலைத்துவிட, வேலி நின்ற பல இடங்களில் மதில் எழுந்தது. மதிலில் பொட்டு வைப்பாரில்லை. அயலின் தொடர்பு அற்று முதியவர் தனித்துப்போயினர். இத்தகைய தனிமையைக் கருத்திற்கொண்டு உலக சுகாதார நிறுவனமும் 2023இல் சமூகத் தொடர்புக்கென ஓர் ஆணைக்குழுவை அமைத்தது (சற்றுப் பிந்திய விழிப்புத்தான்). வைபர் காணொளி அழைப்பில் பேரப்பிள்ளையின் முகம் தெரிவது ஆறுதலே எனினும், சனசமூக நிலையத்தில் பழைய வகுப்புத் தோழரோடு ஒரே பத்திரிகையைத் தாள் தாளாகப் பங்குபோட்டு வாசிப்பதற்கு அது ஈடாகாது. தனித்திருக்கும் முதியவர் பெரும்பாலும் தாமாக அழைக்கமாட்டார். இன்று பின்னேரம் அடுத்த வீட்டுப் படலையை அயலவரே தட்டிப் பார்க்கட்டும்.