முதல் சுழற்சிக்கு முன்னே எண்ணெய்

தகப்பனார் டாக்சியாக ஓட்டிய அம்பாசிடர் உங்களில் சிலருடைய வாசலில் இன்னும் நிற்கக்கூடும். உத்தர்பாராவில் அதன் உற்பத்தி 2014-ல் நின்றுபோயிற்று. அதன் பழைய 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினைப் பிரித்துப் புதுப்பிக்க நீங்கள் தீர்மானித்திருந்தால், கனெக்டிங் ராட் பேரிங்குகளைக் குறித்துச் சற்றுக் கவனியுங்கள். போரிங்குக்கும் பிஸ்டனுக்கும் தாராளமாய்ச் செலவழித்துவிட்டு, இந்தச் சிறு காரியத்தில் அவசரப்படுகிறவர்களே அதிகம்.

ஓடுகிற என்ஜினில் கிராங்க் ஷாப்ட் பேரிங்கைத் தொடுவதில்லை. மெல்லிய எண்ணெய்ப் படலமே அதைத் தாங்குகிறது. 1883-ல் இங்கிலாந்தில் பீச்சம்ப் டவர் என்பவர் ரயில் அச்சுப் பேரிங் ஒன்றைச் சோதிக்கையில், எண்ணெய் ஊற்றுவதற்கென்று மேலே ஒரு துளையிட்டார். எண்ணெயோ அதன் வழியாய் வெளியே பொங்கிற்று. மரக்கட்டையால் அடைத்தார்; கட்டையையும் தள்ளிவிட்டது! சுழலும் அச்சு தானே எண்ணெயை இழுத்து, அதற்கு அத்தனை அழுத்தத்தை உண்டாக்குகிறது. 1886-ல் ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் தந்தார்.

ஆனால் இழுப்பதற்கு அங்கே எண்ணெய் இருக்கவேண்டுமே! புதிதாய்ப் பூட்டிய என்ஜினில் பம்ப்பும் குழாய்களும் வெறுமையாயிருக்கும். எண்ணெய் பம்ப்பிலிருந்து பில்டர், மெயின் பேரிங், பின்பு கிராங்கினுள் துளைத்த வழி எனக் கடந்து, கடைசியாகவே ராட் பேரிங்கை அடைகிறது. அதுவரை உலோகம் உலோகத்தோடு உராயும். சில விநாடிகளே போதும், புதிய ஷெல்லின் மேற்பூச்சு வழிக்கப்பட்டுவிடும்.

ஆகையால், கிராங்கைக் கிரைண்டிங் செய்தபின் அதன் எண்ணெய்த் துளைகளில் தங்கிய உலோகத்தூளைக் கம்பி பிரஷ்ஷாலும் மண்ணெண்ணெயாலும் முற்றிலும் நீக்குங்கள். இடைவெளியைப் பிளாஸ்டிகேஜ் வைத்து அளந்து பாருங்கள். விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 50 மி.மீ. ஜர்னலுக்கு ஏறத்தாழ 0.05 மி.மீ. என்பது பொதுவான கணக்கு. ஷெல்லின் உட்புறத்தில் எண்ணெயைத் தாராளமாய்ப் பூசுங்கள். முதுகுப்புறத்தில் ஒரு துளியும் வேண்டாம். இரு புறமும் பூசுவது பலருடைய வழக்கம், அது தவறு. ஷெல் ராடோடு இறுகப் பதிந்தால்தான் வெப்பம் ராடுக்குக் கடந்துபோகும். என்ஜின் பல வாரங்கள் ஓடாமல் கிடக்குமென்றால் சாதாரண எண்ணெய் வடிந்துவிடும். பேரிங்கில் ஒட்டி நிற்கும் அசெம்பிளி லூப்ரிகன்ட்டே ஏற்றது.

பம்ப்பையும் எண்ணெயால் நிரப்பிப் பூட்டுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்தம் காட்டும் ஊசி எழும்பும்வரை ஸ்டார்ட்டரால் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். ஊசி எழும்பாவிட்டால் பம்ப்பைத் திரும்பக் கழற்றிப் பாருங்கள்; பிளக்குகளை அதுவரை மாட்டாதிருங்கள்.