இரவில் மலரும் சுரை

பகலிற் பூத்துப் பலர் கண்ணையும் கவரும் மலர்கள் பல. அந்தி சாய்ந்தபின் அரும்பவிழ்ந்து, மறுநாள் வெயிலேறுமுன் வாடும் மலர்களோ சிலவே. அவற்றுள் முல்லையை யாவரும் அறிவர். நம் வீட்டுப் பந்தரிற் படரும் சுரையும் புடலையும் அவ்வினத்தனவே என்பதைக் கருதுவார் அரியர். காயை நோக்கும் கண் பூவை நோக்குவதில்லை போலும்!

எமது ஊர் கம்பம் பள்ளத்தாக்கில் உள்ளது. 1895-ஆம் ஆண்டு முதல் பெரியாற்று அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே இறங்கி இந்நிலத்தை வளமாக்கி வருகின்றது. இங்கிருந்து வைகறையில் ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறும் பெண்டிர் பலர், அந்தியிலேயே இல்லம் திரும்புவர். எம் அப்பத்தாவும் அவர்களுள் ஒருவராயிருந்தார். பகற்பூவைக் காணப் பொழுதில்லாத அவருக்கு வாய்த்த பூ சுரைப்பூவே.

சென்ற பங்குனியில் அவர் மறைந்தார். அடுப்பின்மேல் தொங்கிய சுரைக்குடுக்கையில், சாம்பலுடன் 11 விதைகள் எஞ்சியிருந்தன. அவை அவர் ஆண்டுதோறும் விதைத்துக் காத்த மரபின. கடையில் வாங்கும் வீரிய ஒட்டுவிதையின் காயினின்று எடுத்த விதை, மறு ஆண்டில் அதே குணத்தைத் தாராது. ஆதலின் இவை பொய்த்தால் அம்மரபு எம் இல்லத்தில் அற்றுப்போம் என்று அஞ்சினோம்.

ஆடிப் பட்டத்தில் 6 விதைகளை ஓரிரவு நீரில் ஊறவைத்து, மட்கிய எருவிட்ட குழியில் ஊன்றினோம். எட்டாம் நாள் 4 முளைத்தன. செவ்வண்டு ஒன்றைத் தின்றழித்தது. ஏனையவற்றின்மேல் அடுப்புச் சாம்பலைத் தூவிக் காத்தோம். ஆடிக்காற்று இப்பக்கத்தில் வலிது. ஆதலின் மூங்கிற் பந்தரை இறுகக் கட்டினோம்.

ஆவணி இறுதியில் முதற்பூ மலர்ந்தது. விளக்கேற்றும் வேளையில் வெள்ளிதழ்கள் மெல்ல விரியும் காட்சி இனியது. முதலிற் பூப்பன பெரும்பாலும் ஆண்பூக்களே. பின்னர் வரும் பெண்பூவை, அதன் அடியிலுள்ள பிஞ்சினால் அறியலாம். இருளிற் பறந்துவரும் அந்துப்பூச்சி தாதினைச் சுமந்து சென்றாலன்றிப் பிஞ்சு காயாகாது. எம் பந்தரிற் பிஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாய் மஞ்சளித்து உதிர்ந்தன. பூச்சிகளோ எதிரிலுள்ள தெருவிளக்கைச் சுற்றிக்கொண்டிருந்தன!

நிற்க. பூச்சி செய்யாததைக் கை செய்யலாமன்றோ? அயல்வீட்டுச் சுரையின் தாது கலவாதிருக்கும்பொருட்டு, அன்று மலரவிருந்த ஆணரும்பையும் பெண்ணரும்பையும் மாலைக்கு முன்னரே நூலாற் கட்டிவைத்தோம். இருட்டியபின் அவிழ்த்து, ஆண்பூவின் இதழ்களைக் களைந்து, அதன் தாதினைப் பெண்பூவின் நடுவே மெல்லத் தடவி, மீண்டும் கட்டினோம். இவ்வாறு ஐந்து இரவுகள் செய்தோம். இரண்டு பிஞ்சுகள் நின்றன.

ஒன்றைக் கறிக்குக் கொய்தோம். மற்றொன்றைக் கொடியிலேயே முற்றவிட்டோம். மார்கழியில் அஃது உலர்ந்து, அசைத்தால் உள்ளே விதைகள் ஒலித்தன. அவ்வொலியைக் கேட்டபோதே எம் அச்சம் நீங்கிற்று.

ஒரு வீட்டில் மட்டும் இருக்கும் விதை ஒரு கோடையில் அழியக்கூடும். பத்து வீடுகளில் இருப்பது அத்துணை எளிதில் அழியாது. ஆகவே எம் தெருவில் கேட்டவர்க்கெல்லாம் பகிர்ந்தளித்தோம். மாணவ நண்பர்காள்! விடுமுறையில் ஊர் செல்லும்போது, உங்கள் வீட்டு மூதாட்டியர் எவ்விதையைக் காத்து வைத்துள்ளனர் என்று கேட்டறிவீராக. அவர்கள் இருக்கும்போதே கேட்பது நன்று.