இரண்டாம் கட்டுக்கு வராத வைஃபை

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் படம் சுற்றிக்கொண்டே நின்றால், பிளானை ஏற்றுமுன் சுவரைப் பாருங்கள். ஃபுல் எச்டிக்கு 5 எம்பிபிஎஸ் போதும். எங்கள் வீட்டில் மோடம் முகப்பில். அப்பத்தா சீரியல் பார்க்கும் டிவி இரண்டாம் கட்டில். நடுவே வளவும், செங்கல்லும் சுண்ணாம்புமாகத் தடித்த சுவர்களும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதற்குள் செத்துவிடும், 2.4 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை டிவியின் முதுகோடு செருகாமல் எச்டிஎம்ஐ எக்ஸ்டென்டரில் மாட்டினால் இன்னும் தேறும்.

கடைசியில் லேன் கேபிளே இழுத்தோம். சுவரைத் துளைக்க மட்டும் நான் விடவில்லை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு அது. பெயர்ந்தால் அந்தப் பளபளப்பைத் திரும்பக் கொண்டுவரும் கொத்தனார் கிடைப்பது அரிது. தாழ்வார உத்தரத்தை ஒட்டி, கதவு நிலையின் மூலை வழியாகக் கொண்டுபோகலாம். கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். தெருவுக்குத் தெரு நீளும் வீட்டுக்கும் அது போதும்.